பூஞ்சணம் பிடித்த பாண்

பத்து வயதில் எங்கள் வீட்டின் ஆங்கிலம் முழுவதும் என் பொறுப்பில் இருந்தது. கவுன்சிலிலிருந்து கடிதம் வந்தால் நான்தான் உறையைக் கிழிப்பேன். டொக்டரிடம் போனால் இடுப்பைப் பிடிக்கும் அம்மாவின் நாரிநோவை நான்தான் விவரிப்பேன். பள்ளிக்கூடத்தில் பெற்றோரை அழைத்துப் பேசும் நாளிலும் நடுவில் அமர்ந்திருந்தது நானேதான். வகுப்பில் இவள் வாய் ஓய்வதில்லை என்று ஆசிரியை குறைப்பட்டதை, “நான் நல்லாக் கதைக்கிறனாம்” என்று அம்மாவிடம் சேர்ப்பித்தேன். அம்மா ஆசிரியையைப் பார்த்து நன்றியோடு சிரித்தார். ஆசிரியை கொஞ்சம் குழம்பித்தான் போனார்.

அப்பாவுக்கும் ஆங்கிலம் தெரியும். ஆனால் அது அவருடைய பெற்றோல் நிலைய வேலைக்கு அளந்து தைத்த ஆங்கிலம். பம்ப் இலக்கங்களும் சிகரெட் பெயர்களும் அதற்குள் அடங்கும். அதற்கு வெளியே போக வேண்டி வந்தால் அவரும் என்னைத்தான் கூப்பிடுவார். லண்டனில், குட்மேய்ஸில் அந்தச் சின்ன வீட்டில் நான் ஓர் அமைச்சரைப் போல வாழ்ந்தேன்.

ஆகவே, அம்மா வகுப்புக்குப் போகப் போகிறார் என்று கேட்டபோது எனக்கு அவ்வளவாக மகிழ்ச்சி வரவில்லை.

நூலகத்தில் ஒட்டியிருந்த அறிவித்தலை அம்மாவே பார்த்திருக்கிறார். கவுன்சிலும் ஓர் ஆஸ்பத்திரியும் சேர்ந்து நடத்தும் பயிற்சி அது. வேறு நாட்டிலிருந்து வந்து, இங்கே ஒரு நாளும் வேலை பார்க்காதவர்களுக்கானது. பக்கத்து ஊரான பார்க்கிங்கில் எட்டு வாரம் வகுப்பு, பிறகு இரண்டு வாரம் ஆஸ்பத்திரி வார்ட்டில் வேலை பழகுதல். கடைசியில் அந்த ஆஸ்பத்திரியே நேர்முகம் வைக்கும். தேறினால் வார்ட்டில் நோயாளிகளுக்குச் சாப்பாடு பரிமாறும் வேலை.

அம்மா கொண்டுவந்த துண்டுத்தாளை அப்பா திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“சாப்பாடு குடுக்கிறதுக்கும் ஒரு படிப்போ?”

“உங்களுக்கு நான் பதினொரு வருசமாக் குடுக்கிறன். அதுக்கு ஒருத்தரும் சேர்டிபிகேட் தரேல்லையே” என்றார் அம்மா.

அப்பா துண்டுத்தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். அடுத்த கிழமை தன் ஷிப்டை மாற்றிக்கொண்டு வந்தார். பத்து வாரமும் என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிக்கொண்டு வந்தது அவர்தான்.

அம்மாவின் வகுப்பில் சோமாலியப் பெண்கள் இருந்தார்கள், வங்காளிப் பெண்கள் இருந்தார்கள், அம்மாவைத் தவிர இன்னும் இரண்டு தமிழ்ப் பெண்களும் இருந்தார்கள். அம்மா ஒவ்வொரு பின்னேரமும் ஏதாவது ஒரு புதுச் சட்டத்தோடு வீட்டுக்கு வந்தார். ஆஸ்பத்திரியில் ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு நிறத் துணி என்று கற்றுக்கொடுத்த அன்று, எங்கள் குசினியிலும் நிறங்கள் பிரிக்கப்பட்டன. நீலத் துணியால் அடுப்பைத் துடைத்த அப்பா, தன் சொந்த வீட்டிலேயே எச்சரிக்கை வாங்கினார். மற்றொரு நாள் சிவப்புத் தட்டைப் பற்றிச் சொன்னார். தானாகச் சாப்பிட முடியாத நோயாளிக்குச் சிவப்புத் தட்டில்தான் சாப்பாடு வரும். அதைக் கண்டால், வைத்துவிட்டுப் போய்விடக் கூடாது. பக்கத்தில் நின்று, சாப்பிட உதவ ஆள் வரும்வரை பார்க்க வேண்டும்.

“இது நல்ல யோசனை” என்று அம்மா தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஆனால் எனக்கு அந்தத் தட்டில் ஒரு சுவாரசியமும் தெரியவில்லை.

ஏழாவது வாரம் அம்மா வாடிய முகத்தோடு வந்தார். நேர்முகத்தில் ஒரு கேள்வி கட்டாயம் வருமாம். நீங்கள் ஒரு கஷ்டமான நிலைமையைச் சமாளித்த அனுபவம் ஒன்றைச் சொல்லுங்கள். வகுப்பில் எல்லோரும் எழுதிக் கொடுத்துவிட்டார்கள், அம்மாவின் தாள் மட்டும் வெறுமையாக இருந்திருக்கிறது.

“எனக்கு அப்பிடி ஒண்டும் நடக்கேல்லையே, பிள்ளை.”

நான் அம்மாவை இரக்கத்தோடு பார்த்தேன். அது உண்மை என்றே எனக்குப் பட்டது. என் நினைவு தெரிந்த நாளிலிருந்து அம்மா சமைத்தார், துவைத்தார், வெள்ளிக்கிழமைகளில் விளக்கேற்றினார். இதற்குள் கஷ்டமான நிலைமை எங்கிருந்து வரும்? நான் பிறப்பதற்கு முந்திய வருடம் அம்மா லண்டனுக்கு வந்தார். அதற்கு முந்திய காலத்திலிருந்து எனக்குச் சொல்லப்பட்டவை இரண்டு கதைகள்தான்: பள்ளிக்கூட ஓட்டப் போட்டியில் அம்மா முதலாவதாக வந்தது, பெரியம்மாவின் கலியாணத்தில் மழை பெய்தது. இரண்டும் நேர்முகத்துக்கு உதவாது.

ஆகவே அம்மாவுக்கு ஒரு வாழ்க்கையை நானே எழுதிக் கொடுக்கத் தீர்மானித்தேன்.

என் கதையில் அம்மா பாண், பிஸ்கட் விற்கும் ஒரு கடையில் வேலை செய்தார். ஒரு நாள் ஒரு மனிதர் பூஞ்சணம் பிடித்த பாணோடு வந்து கத்தினார். அம்மா கோபப்படவில்லை. அவர் சொன்னதைக் கேட்டு, மன்னிப்புக் கேட்டு, புதுப் பாண் எடுத்துக் கொடுத்தார். அவர் சிரித்துக்கொண்டு போனார். மறுநாளும் வந்தார். இதை என் கொப்பியில் பச்சை மையில், ஆங்கிலத்தில், ஒரு பக்கத்துக்கு எழுதினேன். கீழே அதே வசனங்களைத் தமிழ் எழுத்திலும் எழுதிக் கொடுத்தேன்.

அம்மா இரண்டு தரம் படித்தார்.

“நான் ஒரு கடையிலும் வேலை செய்யேல்லையே. பொய்யெல்லோ?”

“பொய் இல்லையம்மா, உதாரணம். எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுறவை.”

பத்து வயதில் எனக்கு எல்லோரும் செய்வது என்னவென்று தெரிந்திருந்தது.

அம்மா பாடமாக்கத் தொடங்கினார். சோறு வடிக்கும்போது பாண்காரர் கத்தினார்; உடுப்பு மடிக்கும்போது சமாதானமானார். நேர்முகத்துக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை ஆர்ச்வே முருகன் கோவிலுக்குப் போனோம். வழி நெடுக ரயிலிலும் அம்மாவின் உதடுகள் அசைந்தபடியே இருந்தன. பூசை நடக்கும்போது, கண்ணை மூடி முணுமுணுத்துக்கொண்டு நின்ற அம்மாவைப் பார்த்துப் பக்கத்தில் நின்ற ஒரு மாமி உருகிவிட்டார். இந்தக் காலத்தில் யார் இப்படித் தேவாரம் பாடமாக வைத்திருக்கிறார்கள் என்று என்னிடம் கேட்டார். அது பாணைப் பற்றியது என்று நான் சொல்லவில்லை.

நேர்முகத்தன்று அப்பா காரில் கொண்டுபோய் விட்டார். அம்மா இல்ஃபேர்ட்டில் வாங்கிய கறுப்புக் கோட்டைப் போட்டிருந்தார். தோள் கொஞ்சம் பெரிது. நான் பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடத்தில் இருந்தேன். பாண்காரர் எந்த வசனத்தில் நிற்பார் என்று நேரத்தைப் பார்த்துப் பார்த்து ஊகித்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்ததும் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் குசினிக்கு ஓடினேன்.

“அந்தக் கேள்வி வந்ததோ?”

“ஓம், வந்தது.”

“சொன்னீங்களோ?”

“ஓம், சொன்னனான்” என்றார் அம்மா. வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார்.

அடுத்த கிழமை கடிதம் வந்தது. வழக்கம்போல நான்தான் உறையைக் கிழித்தேன். ஆனால் படிக்கத் தொடங்குமுன் அம்மா என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து, “கிடைச்சிட்டுது” என்றார். அப்பா கடிதத்தை வாங்கி, விளங்காவிட்டாலும் முழுவதும் படித்தார். பிறகு குசினிக்குப் போய், தேத்தண்ணி வைத்து, சிந்தியதைச் சரியான நிறத் துணியால் துடைத்தார்.

எனக்கோ கால் நிலத்தில் படவில்லை. அம்மாவுக்கு வேலை வாங்கிக் கொடுத்தது நான். என் பச்சை மை. வகுப்புத் தோழிகள் எல்லோருக்கும் சொன்னேன். வாய் ஓயாதவள் என்று சொன்ன ஆசிரியைக்கும் சொன்னேன்.

சான்றிதழ் கொடுக்கும் விழா பார்க்கிங்கில் ஒரு மண்டபத்தில் நடந்தது. அப்பாவுக்கு வேலை, அம்மாவோடு நான் மட்டும் போனேன். வகுப்பில் படித்த மூன்று தமிழ்ப் பெண்களும் சொல்லிவைத்ததுபோல் மெரூன் நிறத்தில் சேலை கட்டியிருந்தார்கள். அம்மா ஐம்பது ரோல்ஸ் பொரித்துக்கொண்டு போயிருந்தார். பெயர் கூப்பிட்டதும் எழுந்து போய், கடதாசியை இரண்டு கையாலும் வாங்கினார்.

பிறகு எல்லோரும் நின்று சாப்பிட்டபோது, உயரமான ஒரு வெள்ளைக்காரப் பெண் எங்களிடம் வந்தார். நரைத்த கட்டை முடி, கழுத்தில் ஆஸ்பத்திரி அட்டை. நேர்முகம் செய்த மனேஜர் இவர்தான் என்று அம்மா காதுக்குள் சொன்னார். மனேஜர் கையில் ரோல்ஸோடு என் உயரத்துக்குக் குனிந்தார்.

உன் அம்மா சொன்னதை என்னால் மறக்க முடியவில்லை என்றார். சண்டைக்குத் தப்பி ஓடிவந்த சனம் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்ததாம். மழையாம். ஒரு பெரிய பானைதான் இருந்ததாம். உன் அம்மா ஒவ்வொரு நாளும் அத்தனை பேருக்கும் கஞ்சி காய்ச்சிப் பங்கிட்டாராம். போதாது என்று தெரிந்தால் யாருக்கு முதலில் கொடுத்தீர்கள் என்று நேர்முகத்தில் நான் கேட்டேன். கேட்காமல் இருக்கிறவர்களுக்கு என்றார். சத்தம் போட்டுக் கேட்கிறவருக்கு இன்னும் கொஞ்சம் தெம்பு இருக்கிறது, சுருண்டு படுத்திருக்கிறவரைத் தேடித்தான் போக வேண்டும் என்றார். அதற்குப் பிறகு எங்களுக்கு வேறு கேள்வி இருக்கவில்லை என்று மனேஜர் முடித்தார்.

நான் வாய் பிளந்து கேட்டேன். கதை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அது எங்களுடையது அல்ல. ஒரே நிறச் சேலையில் மூன்று பேர். இந்தப் பாவம் ஆளை மாற்றிவிட்டார் என்று எனக்கு விளங்கியது. வேலையையும் ஆள் மாறிக் கொடுத்திருந்தால் என்ன செய்வது? உடனே திருத்திவிட வேண்டும்.

அது என் அம்மா இல்லை, வேறு யாரோ, என்று மரியாதையாகவே சொன்னேன். என் அம்மா கடையில் வேலை செய்தவர். என் அம்மாவின் கதை பாணைப் பற்றியது.

மனேஜர் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார். அம்மாவின் கை என் தலையில் இருந்தது. எனக்கு மேலால் இருவரும் கொஞ்ச நேரம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“யெஸ்” என்றார் அம்மா. “பிரெட்.”

மனேஜர் மறுபடியும் என் உயரத்துக்குக் குனிந்தார். பிறகு, ஆமாம், பாண்தான், நான்தான் மாற்றிச் சொல்லிவிட்டேன், என்னை மன்னித்துக்கொள் என்று என்னிடம் கேட்டார். அவருடைய குரல் ஒரு மாதிரி இருந்தது. பெரியவர்கள் தங்கள் பிழையை ஒப்புக்கொள்ளும்போது அப்படித்தான் இருக்கும் என்று நினைத்து, பரவாயில்லை என்றேன். இன்னொரு ரோல்ஸும் எடுத்துக் கொடுத்தேன்.

திரும்பும்போது பஸ்ஸில் மேல் மாடியில் முன் சீட் கிடைத்தது. மழை தூறிக்கொண்டிருந்தது. நல்லவேளை நான் இருந்தேன் என்று அம்மாவிடம் சொன்னேன். வெள்ளைக்காரருக்கு எங்கள் ஆட்கள் எல்லோரும் ஒரே முகமாகத் தெரியும்போல என்றேன். அம்மா சான்றிதழ் நனையாமல் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு, ஓம் ஓம் என்று கேட்டுக்கொண்டு வந்தார்.

கொஞ்ச நேரம் கழித்து எனக்கு ஒரு கவலை பிடித்தது.

“அம்மா, அந்தப் பள்ளிக்கூடத்திலை கஞ்சி காய்ச்சினவ ஆர்? உங்கடை வகுப்போ?”

“ஓம். எனக்குத் தெரிஞ்ச ஆள்தான்.”

“அவ பாவம் அம்மா. அவவுக்கு வேலை கிடைக்கேல்லையோ?”

அம்மா கண்ணாடியில் வழிந்த மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இல்லைக் குஞ்சு, அவவுக்கும் கிடைச்சிட்டுது” என்றார்.

எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. வீடு வந்து சேரும்வரை அந்த முகம் தெரியாத பெண்ணுக்காகச் சந்தோஷப்பட்டுக்கொண்டே, அம்மாவின் மடியில் தலைவைத்துப் படுத்திருந்தேன்.