நான்காவது ஈர்க்கு

பக்கத்து வீட்டில் யாரோ கட்டைச் செருப்போடு நடக்கிறார்கள். அந்தச் சத்தம் என்னைக் கூலாய் ரப்பர் தோட்டத்து லயத்து வீட்டுக்கே கொண்டுபோய்விடுகிறது.

அப்பா சின்ன வயதில் அண்ணன்மாரின் பழைய சட்டைகளையே போட்டு வளர்ந்தவர். அதனால் பிள்ளைகள் எங்கள் மூவரிடமும் எதிலும் வித்தியாசம் காட்டமாட்டார். ஒரு தீபாவளிக்குச் சீனர் கடையிலிருந்து மூன்று சோடி கட்டைச் செருப்பு வாங்கிவந்தார். ஒரே சிவப்பு, ஒரே பூ. அளவும் ஒன்றேதான்.

அக்காவுக்குக் குதிகால் வெளியே நின்றது. தம்பிக்குக் காலிலேயே நிற்கவில்லை. நடுப்பிள்ளையான எனக்கு மட்டும் அளந்து செய்ததுபோல் இருந்தது.

“அவதானே உங்க செல்லப் பொண்ணு,” என்றாள் அக்கா. அப்பாவின் முகம் வாடிவிட்டது.

மறுநாள் செருப்பை மாற்றிவர, அக்கா, தம்பி இருவர் பாதத்தையும் தென்னை ஈர்க்கால் அளந்து ஒடித்தார். எனக்கும் ஒன்று ஒடித்தார், குறை வைக்கக்கூடாதாம்.

தம்பி கேட்டான், “உங்களுக்கு எங்கேப்பா?”

ரப்பர் பால் கறை படிந்த வெறுங்காலை அப்பா உள்ளே இழுத்துக்கொண்டார். “எனக்கு எதுக்குடா?”

“எல்லாருக்கும் ஒண்ணு போலன்னு நீங்கதானே சொல்வீங்க,” என்ற அக்கா, குனிந்து அவர் காலை அளந்தாள்.

அன்று சாயங்காலம் வாசல் வாய்க்கால் பலகைமேல் டக் டக்கென்று அப்பா வந்தார். அதுவரை அவர் வரும் சத்தமே எங்களுக்குத் தெரியாது.