டிராக்டரைக் கிளப்பும் முன்

நான் முதன்முதலில் கைதட்டு வாங்கியது ஒரு டிராக்டரைப் பற்றிப் பேசித்தான். அதன் பிறகு பள்ளியிலும் கல்லூரியிலும் வாங்கிய கோப்பைகளுக்குத் தொம்மலூரில் எங்கள் வீட்டு அலமாரி போதவில்லை என்பதை மிகுந்த தன்னடக்கத்தோடு குறிப்பிடுகிறேன். ஆனால் எந்தக் கோப்பையைத் துடைக்க எடுத்தாலும், பதினொரு வயதில் நான் பேசிய அந்தப் பேச்சுதான் முதலில் நினைவுக்கு வருகிறது.

அம்மாவின் அண்ணனான மாமாவுக்கு ஆனேக்கல் பக்கம் ஏரியை நோக்கிச் சரியும் கொஞ்சம் நிலமும், ஒரு போர்வெல்லும், பழைய டிராக்டரும் இருந்தன. மழைக்காலத்தில் அது ராகிக்கு உழுதது. கோடையில் தண்ணீர் டேங்கரை இழுத்துக்கொண்டு நகரத்து அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்குப் போனது. அந்தக் கோடை விடுமுறையில் அப்பாவும் நானும் அங்கே, மாமா அத்தை வீட்டில் இருந்தோம்.

டிராக்டர் விற்கும் கடைக்காரர்கள் ஊர் மைதானத்தில் இலவச சர்வீஸ் முகாம் ஒன்று நடத்தினார்கள். தன் தங்கை மகள் அதில் பேசுவாள் என்று மாமா யாரையும் கேட்காமல் வாக்குக் கொடுத்துவிட்டார். கன்னடக் கையேட்டை அவர் வாசிக்க வாசிக்க, அந்தக் கன்னடத்தை அப்படியே தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டேன். கன்னட ஊரில் வாழும் எங்களைப் போன்ற தமிழ் வீடுகளில் அது ஒரு விந்தையே அல்ல. மொத்தம் பத்துக் குறிப்புகள். தினமும் காலையில், சமதரையில் நிறுத்தி, எஞ்சின் ஆயில் அளவைப் பார்க்க வேண்டும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது. பேட்டரி முனையில் பச்சையாகப் பூத்திருந்தால் வெந்நீரால் கழுவிக் கிரீஸ் தடவ வேண்டும். இப்படிப் போய், தரையில் நின்றுகொண்டு ஸ்க்ரூ டிரைவரால் வண்டியைக் கிளப்பவே கூடாது என்பது ஒன்பதாவது. கிளப்பும் முன் கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பது பத்தாவது.

முகாமில் நான் எழுந்து நின்ற நேரத்தில் மைக் செத்துப்போனது. நான் அசரவில்லை. கடைசி வரிசையில் பீடி பிடித்தவர்கள்கூடத் திரும்பிப் பார்க்கும்படி பேசினேன். ஒன்பதாவது குறிப்பை விரல் உயர்த்திச் சொன்னபோது மைதானமே சிரித்தது. அங்கிருந்த எல்லோரும் அதைத்தான் தினமும் செய்துகொண்டிருந்தார்கள். எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவர் மாமா.

"சென்னாகி ஹேளிதெ புட்டி!" நன்றாகச் சொன்னாய் குட்டி என்று ஒரு பெரியவர் என் தலையைத் தொட்டார்.

கிளட்சை மிதித்தால்தான் எஞ்சின் கிளம்ப வேண்டும் என்பதற்காக அதனடியில் சிறியதொரு ஸ்விட்ச் உண்டு. மாமாவின் வண்டியில் அது பழுதாகிப் பல மாதங்கள் ஆகியிருந்தன; சாவியைத் திருப்பினால் எஞ்சின் கிளம்பாது. சாவியைப் போட்டுவிட்டு, பின்சக்கரத்துக்கு முன்னால் தரையில் நின்று, ஸ்டார்ட்டரின் இரு முனைகளையும் ஸ்க்ரூ டிரைவரால் தொடுவார். பொறி பறக்கும், எஞ்சின் உறுமும். முகாமுக்கு வந்த மெக்கானிக் அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

"அந்த ஸ்விட்ச மாத்துங்கண்ணா. அடுத்த வாரம் பார்ட் வந்துடும்."

"வரட்டும்பா. அதுவரைக்கும் டவுன்காரங்க குளிக்காம இருப்பாங்களா?" என்றார் மாமா.

அந்த வண்டிக்கு இன்னொரு குறையும் இருந்தது. சரிவில் பிரேக் பூட்டு நிற்காது. ஆகவே யார் நிறுத்தினாலும் முதல் கியரில் போட்டு நிறுத்துவது அந்த வீட்டு வழக்கம். காலையில் கிளப்பும் முன் மாமா தன் கையாலேயே அதை நியூட்ரலுக்குத் தள்ளிவிடுவார். முகாம் முடிந்த அன்று மாலை வண்டியை வீட்டுக்கு ஓட்டி வந்து, வழக்கப்படி நிறுத்தியவர் அப்பா.

மறுநாள் காலை ஏதோ ஒரு குடியிருப்பின் செயலாளர் மூன்றாம் முறையாக அழைத்துவிட்டார். மாமாவின் ஒரு கையில் போன், மறு கையில் ஸ்க்ரூ டிரைவர்.

"ஏ புட்டி, மேல ஏறு. சாவிய ஆன் பண்ணு. நியூட்ரல்ல கீதான்னு பாரு!"

ஏறினேன். என் முன்னால் உயரமும் குட்டையுமாக நான்கைந்து கம்பிகள் நின்றன. நியூட்ரல் என்ற சொல்லை முந்தைய நாள் ஒரு மைதானத்துக்கே முழங்கியவள் நான். அது எந்தக் கம்பியில் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. கேட்டிருக்கலாம். ஆனால் கைதட்டு வாங்கி ஒரு நாள்கூட முடியாத நிலையில் கேட்பது என் கௌரவத்துக்கு இழுக்காகத் தோன்றியது. இருக்கைக்கு அருகில் இருந்த குட்டைக் கம்பியை ஆட்டிப் பார்த்தேன். அது நடுவில் தளர்வாக நின்றது. பின்னால் மாட்டும் கருவிகளைச் சுழற்றுவதற்கான கம்பி அது என்பதைப் பின்னர்தான் அறிந்தேன்.

"நியூட்ரல்தான் மாமா!" மேடைக் குரலில் அறிவித்தேன்.

"எஞ்சினியரம்மா சொல்லிட்டாங்க. பத்தே நிமிஷம் சார்," என்று போனுக்குள் சிரித்தார் மாமா.

பொறி பறந்தது. வண்டி ஒரே உதறலாக முன்னால் பாய்ந்தது. மாமா விழுந்ததை நான் பார்க்கவில்லை. சக்கரம் எதன்மீதோ ஏறி இறங்கியதை என் உடம்பு உணர்ந்தது. எஞ்சினை நிறுத்தும் குமிழை இழுக்க வேண்டும் என்பதும் என் பேச்சில் இருந்தது, ஐந்தாவது குறிப்பாக. நான் மட்கார்டைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தேன். போர்வெல் அருகிலிருந்து ஓடிவந்த அப்பாதான் தாவி ஏறிக் குமிழை இழுத்தார். அத்தை துணி உலர்த்திய கொடியடியில் கையில் ஈரச் சேலையோடு அப்படியே நின்றார்.

மாமாவின் வலது காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள்.

மருத்துவமனைக்கு ஒரு போலீஸ்காரர் நோட்டுப் புத்தகத்தோடு வந்தார். வண்டியைக் கியரில் விட்டது யார் என்று கேட்டார். "நான்தான் சார்," என்றார் அப்பா. மாமா கட்டிலில் படுத்தபடியே, "அவர் எப்பவும் போலத்தான் நிறுத்தினாரு. பாக்காம ஸ்டார்ட் பண்ணது நான். எழுதிக்கோங்க," என்றார். போலீஸ்காரர் எழுதிக்கொண்டார். தண்ணீர் பாட்டிலை அணைத்தபடி நான் சுவரோரம் நின்றேன். நியூட்ரல் என்று நான் அறிவித்தது அந்த நோட்டில் ஏறவே இல்லை. அத்தை என்னை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு அருகில் இழுத்து, முந்தானையால் என் முகத்தை அழுத்தித் துடைத்தார். முகத்தில் புழுதி போலும் என்று எண்ணிக்கொண்டேன்.

வலியில் மாமா எல்லாவற்றையும் மறந்துவிட்டார்; வேறு எவருக்கும் தெரியாது; ஆகவே நான் தப்பிவிட்டேன். இப்படித்தான் அந்த ஓராண்டு முழுவதும் தினமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அடுத்த கோடையிலும் முகாம் நடந்தது. வர முடியாது என்று நான் அழுதேன். மாமா விடவில்லை, ஒரு குறிப்பைப் புதிதாகச் சேர்க்கவும் சொன்னார்.

"எழுதிக்கோ. கிளப்பறவன் தன் கண்ணால பாக்கணும். அடுத்தவங்கள கேட்டா அது பாத்த மாதிரி ஆவாது. கேட்டது அவன் தப்பு. சொன்னவங்க தப்பு இல்ல. இத மட்டும் சத்தமா சொல்லு."

சத்தமாகத்தான் சொன்னேன். யாருடைய விடுதலையை வாசிக்கிறேன் என்று அறியாமல், ஒவ்வொரு சொல்லுக்கும் உரிய அழுத்தம் கொடுத்து, கைதட்டுக்கென இடைவெளி விட்டுச் சொன்னேன். இம்முறை யாரும் சிரிக்கவில்லை. முன்வரிசையில் ஊன்றுகட்டைகளைச் சாய்த்து வைத்துவிட்டு மாமா கைதட்டினார். அவருக்கு இருபுறமும் அமர்ந்திருந்த அப்பாவும் அத்தையும் தலை குனிந்திருந்தார்கள்.

மைக் இல்லாமலே கடைசி வரிசைவரை எட்டும் குரல் என்று என்னை எல்லோரும் புகழ்வார்கள். அந்தக் காலையில் அது யார் யாருக்கெல்லாம் கேட்டிருக்கும் என்று யோசிக்க மட்டும் எனக்குத் தோன்றவில்லை.