ஈயக்குண்டுக்குக் கட்டிய கெட்டி நூல்

என் அக்காவைக் கட்டிய அத்தானுக்குக் கண் வலது ஆட்காட்டி விரலில் இருந்தது. அதன் மேல் தூண்டிலின் தங்கூசி நைலான் நூல் ஓடிக்கொண்டிருக்கும். கம்பு கிடையாது, வெறும் கைதான். சேரன்மாதேவிக்குக் கீழே, தாமிரபரணி இடுப்பளவு ஓடும் இடத்தில் நின்று, ஓட்டத்தோடு தூண்டிலை ஓடவிடுவார். ஈயக்குண்டு கனம் கூடினால் ஒரே இடத்தில் உட்கார்ந்துகொள்ளும், குறைந்தால் முள் மேலே போய்விடும். தரையைத் தட்டித் தட்டி நகர வேண்டும். கல்லில் பட்டால் நறுக்கென்று இருக்குமாம், பாசி என்றால் மெல்லக் கனக்குமாம், கெண்டை கொத்தினால் வெடுக் வெடுக்கென்று இழுத்துவிட்டு ஒரு நொடி நிற்குமாம். அந்த நொடியில் சுண்டுவார். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. பக்கத்தில் நின்று வம்பு பேசிக்கொண்டிருப்பேன்.

குண்டை அவர் தங்கூசியில் கட்டவே மாட்டார். வெறும் தையல் நூலில் தனியே தொங்கவிடுவார். எங்கேயாவது மாட்டினால் தையல் நூல் அறுந்து குண்டு மட்டும் போகும், முள்ளும் மீனும் தப்பிக்கும். அதில் அவருக்கு ஏகப்பட்ட பெருமை.

இப்போது அந்த ஆற்றைப் பற்றிச் சொல்லவே வாய் கூசுகிறது. மேலே பரிகாரம் முடித்தவர்கள் கழற்றிவிடும் வேட்டியும் சேலையும் உள்பாவாடையும் பாறைக்குப் பாறை சுற்றிக் கிடக்கின்றன. போதாக்குறைக்கு ஊர்ச் சாக்கடை வேறு. துணியைத் தொட்டால் கொழகொழவென்று கையோடு வரும். சீ, அன்றைக்கெல்லாம் சோறு இறங்காது. கும்பிட்டுவிட்டு அதிலேயே துப்புகிற ஜனம் நாம். என் சொந்தக்காரர்களும் அந்தக் கூட்டம்தான்.

வீச்சுக்கு வீச்சு குண்டு துணியில் மாட்டி அறுந்தது. ஒரு சாயங்காலம் அத்தானுக்கு வெறி வந்துவிட்டது. தையல் நூலைத் தூக்கி எறிந்துவிட்டுக் குண்டையும் தங்கூசியிலேயே இறுக்கிக் கட்டினார். வேண்டாம் அத்தான், வீட்டுக்குப் போவோம் என்றேன். கேட்கவில்லை. அடுத்த வீச்சில் நூல் கனத்தது, பைய நகரவும் செய்தது. பெரிய வாளை மீன் என்று நினைத்து விரலில் சுற்றிக்கொண்டு இழுத்தார். வந்தது ஓட்டத்தில் உப்பிய ஒரு சேலை. அறுந்திருக்க வேண்டிய நூல் அறவில்லை, விரல்தான் எலும்பு தெரியக் கிழிந்தது. அவரோ குனிந்து அந்தத் தண்ணீரிலேயே காயத்தைக் கழுவினார்.

"நம்ம ஆத்துத் தண்ணிதாம்லே, ஒண்ணும் செய்யாது."

அவருக்குச் சர்க்கரை உண்டு. கை வீங்கி ஆஸ்பத்திரியில் கட்டைப் பிரித்தபோது அக்கா வெளியே ஓடிப்போய் வாந்தி எடுத்தாள். ஆற்றங்கரை நாற்றமேதான் அது. என் மூக்கை விட்டு இன்னும் போகவில்லை. விரலை எடுத்தால்தான் கை மிஞ்சும் என்றார் டாக்டர். இந்த விரலை மட்டும் விட்டுவிட்டு வேறு ரெண்டை எடுத்துக்கொள்ளக் கூடாதா என்று அத்தான் கேட்டார். விளையாட்டுக்குக் கேட்கவில்லை. டாக்டர் நர்ஸைக் கூப்பிட்டார்.

நேற்று பார்க்கப் போயிருந்தேன். இல்லாத விரலில் இன்னும் உணர்ச்சி இருக்கிறதாம், சில பேருக்கு அப்படித்தான் இருக்கும் என்று டாக்டரும் சொன்னாராம். எனக்கு ஒரு நப்பாசை. கெண்டை கொத்துகிற மாதிரியா இருக்கிறது அத்தான் என்று கேட்டேன். கையை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டார்.

"கெண்டையெல்லாம் இல்ல மாப்ளே. அந்தச் சேலைதான். பைய இழுத்துக்கிட்டே இருக்கு."