சங்கரன்கோவிலில் ஒரு டெமோ வகுப்பு: பாக்டீரியாவின் வட்டத்தை எந்தப் பக்கமாகச் சுற்றுவது?

நாற்பத்து நான்கு வயதில், பதினைந்து வருட இடைவெளிக்குப் பிறகு, கல்லூரி வேலைக்காக டெமோ வகுப்பு எடுக்க, சென்ற வாரம் சங்கரன்கோவில் போனேன். ஊருக்கு வெளியே ஒரு தனியார் பெண்கள் கல்லூரி, நுண்ணுயிரியல் துறை. கொடுத்த தலைப்பு பாக்டீரியாவின் குரோமோசோம். இதே பாடத்தில்தான் போன வருடம் வேறோர் ஊரில் ஒரு கேள்விக்குப் பதில் தெரியாமல் நின்றேன். “டச் விட்டுப்போச்சு மேடம்” என்று அனுப்பிவிட்டார்கள். இந்த முறை விடுவதாக இல்லை.

திருநெல்வேலியில் காலை 6.40 பேருந்து. ஐம்பத்தைந்து கிலோமீட்டர் சொச்சம், டிக்கெட் 45 ரூபாய் (மகளிர் இலவசம் நகரப் பேருந்தில்தான்). 8.15-க்கு இறங்கி, ஆட்டோ அண்ணாச்சியிடம் வழியில் ஒரு நூல் கடையில் நிறுத்தச் சொன்னேன். விசைத்தறி ஊர், நூலுக்குப் பஞ்சமில்லை.

“காலேஜுக்குன்னீக. நூலு எதுக்கு, பிள்ளைகளக் கெட்டிப் போடவா?”

“பாடத்துக்கு அண்ணாச்சி.”

“கெட்டிப் போட்டாத்தான் பாடம் கேக்கும்.”

ஆறு கிலோமீட்டருக்கு 120 ரூபாய்.

9.30-க்கு வகுப்பு. முப்பது மாணவிகள், கடைசி பெஞ்சில் துறைத்தலைவி. நூலின் இரு முனைகளையும் முடிந்து, முனையே இல்லாத வளையமாக்கினேன். முறுக்க முறுக்க அது தன்மேலேயே சுருண்டு உள்ளங்கைக்குள் அடங்கியது. செல்லைவிட ஆயிரம் மடங்கு நீளமான டிஎன்ஏ அந்தச் செல்லுக்குள் இருப்பது ஏறக்குறைய இப்படித்தான்.

பிறகு கணக்கு. ஈ.கோலை பாக்டீரியாவின் டிஎன்ஏவில் 46 லட்சம் கார இணைகள். நொடிக்கு ஆயிரம் வீதம் நகலெடுத்தால் எவ்வளவு நேரம்? எழுபத்தாறு நிமிடம் என்றார்கள். உண்மையில் ஆவது நாற்பதுதான் என்றேன். முடிச்சுதான் தொடங்கும் இடம், நகலெடுப்பு எப்படிப் போகும் என்று காட்டச் சொன்னேன். கரிவலம்வந்தநல்லூர்ப் பெண் ஒருத்தி எழுந்து வந்து, முடிச்சிலிருந்து வலமாக முழு வளையத்தையும் விரலால் சுற்றிக் காட்டினாள்.

“ஏன் ஒரே பக்கமா?” என்றேன்.

“கோயில எடமாவா மேம் சுத்துவாக?”

வகுப்பே சிரித்தது. ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கூட்டம் கூட்டமாக வந்து கோயிலை நூற்றெட்டுச் சுற்று சுற்றுகிற ஊர். விரல் தானாக வலமாகத்தான் போகும். தப்பு என்று சொல்லாமல், அவள் தோழியையும் அதே முடிச்சில் நிறுத்தி இடமாகப் போகச் சொன்னேன். எதிர்ப்புறத்தில் இரண்டு விரல்களும் முட்டின.

“ஏட்டி, ஆளுக்குப் பாதி! முப்பத்தெட்டு நிமிசம்” என்றாள் தோழியிடம்.

அப்போது கடைசி பெஞ்சிலிருந்து துறைத்தலைவி கேட்டார். “இருபது நிமிசத்துக்கு ஒருக்க செல் ரெண்டாகும்னு புக்குல இருக்கே. நகலெடுக்கவே நாப்பது ஆவுதுன்னா கணக்கு இடிக்குதே மேடம்?”

போன வருடத்து அதே கேள்வி. தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னேன்: “இந்தச் சுற்று முடியட்டும் என்று அது காத்திருப்பதில்லை. தொடங்கிய இடம் அதற்குள் இரண்டாகியிருக்கும். இந்த விரல்களைப் போல நகலெடுத்துப் போகிற முதல் ஜோடி பாதி வழியில் இருக்கும்போதே, அந்த இரண்டிலிருந்தும் அடுத்த ஜோடிகள் கிளம்பிவிடும். செல் பிறக்கும்போதே பேத்திக்கான நகல் பாதி ஓடியிருக்கும்.”

அவர் கையிலிருந்த ஃபைலை மூடினார். “வியாழக்கிழமை ரெண்டாவது பீரியட் காலியாக் கெடக்கு. பிளாஸ்மிட் எடுக்குதீங்களா?”

“எடுக்கிறேன்.”

இதுபோல் கிளம்புகிறவர்களுக்கு: ஆடித்தபசு நாட்களில் தேதி கொடுத்தால் முந்தின நாளே போய்த் தங்குங்கள். ஆட்டோவுக்கு ஏறும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். மகன் பிளஸ் டூ முடிக்கட்டும், மாமியாருக்குக் கண் ஆபரேஷன் ஆகட்டும் என்று ஒவ்வொன்றும் முடியக் காத்திருந்தவள் நான். பாதியிலேயே கிளம்பியிருக்கலாம்.

இப்போது மேசையில் மூன்று புத்தகங்கள் விரிந்து கிடக்கின்றன. பாக்டீரியாவுக்குள் தனியாக இருக்கும் சின்ன டிஎன்ஏ வளையங்களான பிளாஸ்மிட்களில் சில, ஒரே பக்கமாக மட்டும் நகலெடுக்குமாம். ஏன் என்று கேட்பார்கள். கேட்கட்டும்.