படிக்காமல் போட்ட ஆமென்

இன்று காலை பத்தாங் பெர்ஜுந்தாய் சந்தையில் எங்கள் சபை அக்கா ஒருவரைப் பார்த்தேன். போன வருடம் டெங்கியில் ஒரே மகளைப் பறிகொடுத்தவர்.

தினமும் விடியற்காலையில் நான் சபை வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பும் தியானச் செய்திக்கு முதல் ‘ஆமென்’ அவரிடமிருந்துதான் வரும்.

“அக்கா, உங்க விசுவாசத்தப் பாத்துதான் எனக்கே தெம்பு வருது” என்றேன்.

கையிலிருந்த கத்திரிக்காயைத் திரும்பக் கூடையில் வைத்தார்.

“நான் அதப் படிக்கிறதே இல்ல தம்பி. ஆமென் போடலன்னா, என்னாச்சோன்னு எல்லாரும் ஜெபம் பண்ண வீட்டுக்கு வந்துருவீங்க. அதுக்குப் பயந்துதான் போடுறேன்.”

“அப்ப நீங்க ஜெபமே பண்றதில்லையா?”

“ஆஸ்பத்திரியில அஞ்சு நாளு முட்டி போட்டேன். இனிமே கேக்க என்ன இருக்கு?”

குரலில் கோபம்கூட இல்லை. கோபம் இருந்திருந்தால் ஏதாவது பேசியிருப்பேன்.

‘கர்த்தர் நல்லவர்’ என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். இத்தனை வருடம் தியானம் எழுதுகிறவனுக்கு அதைத் தவிர வேறு ஒரு வாக்கியமும் கிடைக்கவில்லை.

சந்தை வாசலில் அவருடைய பஸ் வந்துவிட்டது. ஏறப்போனவரிடம் கேட்டேன்: “இத எழுதலாமாக்கா?”

“எழுதேன். யாரு படிக்கப்போறா? ஆமென் போட்டுட்டுப் போயிருவாங்க லா.”

நாளைய தியானம் நம்பிக்கையைப் பற்றி. எழுதி முடித்துவிட்டேன். அதில் ஒரு வரியைக்கூட என்னால் நம்ப முடியவில்லை.

இதுவரை படித்தவர்கள் தயவுசெய்து ‘ஆமென்’ தவிர வேறு ஏதாவது எழுதுங்கள்.