கணக்கில் சேராத சங்கிலி

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வெல்டிங் பட்டறைக்காரனுக்கு அது பெரிய குறையில்லை. என் அண்ணிக்கோ கோபமே வராது. கம்ப்யூட்டருக்குள் கடலை ஓடவிட்டு, அதில் நங்கூரத்தைப் போட்டுப் பார்ப்பது அவர் வேலை. ஆழ்கடல் நங்கூரம் என்பது பஸ் நீளத்துக்கு, வாலில் நான்கு இறக்கைகள் வைத்த ஓர் இரும்பு அம்பு. நேராக விழுந்து கடலடிச் சேற்றில் புதையவேண்டும். சாய்ந்து விழுந்தால் பிடிக்காது. திரையில் தண்ணீர் சிவப்பும் நீலமுமாகச் சுழலும். "கலர் படம் பாத்து சம்பளம் வாங்குறா" என்று அண்ணன் கிண்டலடிப்பான். அவனுக்குப் புதிய எண்ணெய் மேடையில் வேலை கிடைத்திருந்தது. கடலில் மிதக்கும் அந்த மேடையைப் பிடித்து நிறுத்தப்போவதே அண்ணியின் பன்னிரண்டு நங்கூரங்கள்தான்.

பன்னிரண்டும் எங்கள் பட்டறையில் தயாராயின. கடைசி நங்கூரம் முடிந்த அன்று அண்ணி பார்க்க வந்தார். அலுவலகத்தில் அவரைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடிக்கொண்டிருந்த நேரம். வந்தவர் நங்கூரத்தை விட்டுவிட்டு, பக்கத்தில் குவிந்திருந்த சங்கிலியையே பார்த்தார். ஒவ்வொரு வளையமும் என் தொடை பருமன். அவர் முகம் வெளிறிவிட்டது. சங்கிலியின் எடையை மட்டும் கணக்கில் சேர்த்திருந்தாராம். கூடவே இறங்கும் சங்கிலியைத் தண்ணீர் பிடித்து இழுக்குமே, அதைச் சேர்க்கவில்லையாம். சேர்த்தால் கணக்கு நாள்கணக்கில் ஓடும் என்று எல்லோரும் விட்டுவிடுவதுதானாம்.

சங்கிலியையும் சேர்த்து ஒன்பது நாள் கம்ப்யூட்டர் ஓடியது. திரையில் நங்கூரம் சாய்ந்துதான் விழுந்தது. நங்கூரங்களை ஏற்றிப்போகும் கப்பல் கிளம்ப மூன்று வாரம்தான் இருக்கிறது, கொஞ்சம் சாய்வுதானே, யார் கடலடியில் போய்ப் பார்க்கப்போகிறார்கள் என்று அலுவலகக் கூட்டத்தில் அண்ணியின் மேலாளர் இழுத்தாராம்.

"தப்பு என்னோடது. எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர்றேன். ஆனா இது கடலுக்குப் போகக் கூடாது" என்றாராம் அண்ணி, அத்தனை பேர் முன்னாலும்.

புருஷன் அந்த மேடையில் இருக்கப்போவதால் பயப்படுகிறார் என்று ஒருவர் முணுமுணுத்தாராம். "ஆமா. அங்க தொண்ணூறு பேரு இருப்பாங்க. அதுல ஒருத்தர் என் வீட்டுக்காரர்" என்றாராம். வரவேண்டிய பதவி உயர்வு அதோடு போயிற்று.

வால் இறக்கைகளை அகலமாக்கவேண்டும் என்று வந்தது உத்தரவு. மொத்தம் நாற்பத்தெட்டு! "முன்னாடியே பாத்திருக்கக் கூடாதா அண்ணி?" என்று கத்தினேன்.

"பாத்திருக்கணும் தம்பி" என்றார்.

அதற்குமேல் எப்படிக் கத்துவது? அறுத்துப் போட்டு மறுபடி ஒட்டினேன்.

அடுத்த வருடம் பெரும்புயல் வந்தது. மேடையிலிருந்து இரண்டு நாள் தகவலே இல்லை. அண்ணி சமைத்தார், வேலைக்குப் போனார், வந்தார். மூன்றாம் நாள் போன் அடித்தது.

"மேடை இருந்த இடத்தை விட்டு நகரவே இல்ல. உன் கலர் படம் கெட்டியாத்தான் இருக்கு" என்றான் அண்ணன்.

சாப்பிட்டாயிற்றா என்று மட்டும் கேட்டார் அண்ணி. போனை வைத்துவிட்டு, அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார்.