மாப்பிள்ளை கொண்டுவந்த இரட்டைக்குழல்

பழைய இரட்டைக்குழல் துப்பாக்கிகளை அளந்து, சுடலாமா கூடாதா என்று சொல்வதுதான் என் அத்தானுக்குத் தொழில். விற்கிறவர் பேச்சைக் காதில் வாங்கவே மாட்டார். வீட்டுக்கு வரும் பாலைக்கூட வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துத்தான் உள்ளே விடுவார். "பொண்ணு பார்க்க வந்தப்ப என்னையும் இப்படித்தான் பார்த்தார்" என்பாள் அக்கா.

நான் எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். அவர் பட்டறையில் குழல் துடைப்பதும் கருவிகளுக்கு எண்ணெய் போடுவதும் என் வேலை. பேச வராது. பார்த்துக்கொண்டிருப்பேன்.

அக்கா மகளைக் கட்டிக்கொள்ளக் கேட்டிருந்த பையன், ஒருநாள் தன் தாத்தாவின் துப்பாக்கியோடு வந்தார். அத்தான் இன்னும் சம்மதம் சொல்லியிருக்கவில்லை.

"இதுல யாரும் கைவச்சதே இல்ல, மாமா. வாங்கினபடியே இருக்கு."

"அதுக்குள்ள மாமாவா, தம்பி?"

அத்தான் குழலின் உள் அகலத்தை ஓரிடத்திலும், வாய்ப்பக்கம் குறுகும் இடத்தில் இன்னொரு முறையும் அளப்பார். அந்த வித்தியாசத்துக்குத்தான் சோக் என்று பேர். குறுகலுக்குத் தக்கபடி, தோட்டாவுக்குள் இருக்கும் ரவைக் குண்டுகள் சிதறாமல் போகும். உள் அகலத்தை எப்போதும் ஒரே ஆழத்தில் அளக்கவேண்டும் என்பதால், அளவுகோலில் ஒரு தடுப்பு வளையத்தை முடுக்கி வைத்திருந்தார்.

பையன் உதவி செய்கிறேன் என்று கோலைப் பிடித்தார். அத்தான் வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு, தோட்டா போடும் பக்கமாக வலது குழலுக்குள் விட்டார். முகம் இறுகியது. குழலின் அடியில் பொறித்திருந்த அளவைவிட அகலம் கூடுதல்.

"உள்ள யாரோ தேய்ச்சிருக்காங்க. துருவை எடுக்கப் போய் குழலை மெலிசாக்கி வச்சிருக்காங்க. சுட்டா கை போயிடும். யாரும் கைவைக்கலன்னு சொன்னீங்களே, தம்பி?"

"எனக்குத் தெரிஞ்சு இல்லீங்க."

தேநீரோடு வந்த அக்கா, "துப்பாக்கிக்கும் பொண்ணுக்கும் என்னங்க சம்பந்தம்?" என்றாள்.

"இரும்பு விஷயத்துலயே பொய் சொல்றவர், வீட்டுல சொல்லமாட்டாரா? இந்தப் பேச்சை இதோட விடு."

பையன் துப்பாக்கியை உறையில் போடத் தொடங்கினார். கதவோரம் நின்ற அக்கா மகளின் கண் கலங்கிவிட்டது.

என் கண் கோலில் இருந்தது. தினமும் நான் துடைக்கிற கோல் முழுக்கக் கறுத்திருக்கும். அதில் வளையத்தை ஒட்டி, ஒரு விரல் அகலத்துக்குப் பளபளவென்று புது இரும்பு தெரிந்தது. வளையம் இத்தனை காலம் மூடியிருந்த இடம். பிடுங்கின பிடுங்கில் வளையம் முன்னால் நகர்ந்திருக்கிறது. கோல் போகவேண்டிய ஆழத்துக்குப் போகவில்லை. தோட்டா போடும் பக்கம் குழல் எப்போதுமே சற்று அகலம்தான்.

"அத்தான்... வளையம்..." என்றேன். அதற்கு மேல் வரவில்லை. விரலால் காட்டினேன்.

அத்தான் கோலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். வளையத்தைப் பழைய இடத்துக்குத் தள்ளி முடுக்கினார். துப்பாக்கியைத் திரும்ப வாங்கி வலது குழலை அளந்தார். பிறகு இடதையும். இரண்டும் பொறித்தபடியே இருந்தன.

"உட்காருங்க மாப்பிள்ளை, தேநீர் ஆறுது" என்றார்.

அக்கா மகள் உள்ளே ஓடிவிட்டாள். அத்தான் என் பக்கம் திரும்பினார்.

"நீ எப்போ இதெல்லாம் கத்துக்கிட்ட?"

இப்போதெல்லாம் நான் கோலைத் துடைத்து முடிக்கும்வரை என் பக்கத்திலேயே நிற்கிறார்; "வளையம் சரிதானே?" என்று என்னைக் கேட்டுவிட்டுத்தான் அளக்கிறார்.